கை வைத்துப் பார்த்தது

எண்ணெய் மூடியைத் திருகி எடுத்தால்
உள்ளே தயிர்.
"ஹெட் வெடிச்சுப்போச்சு அண்ணி" என்றான் காத்தமுத்து.
பின்னால் நாற்பது பாளம் ஐஸ்
முடோன் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.
நாங்கள் பேசவில்லை. அது மட்டும்
நஷ்டத்தைச் சொட்டுச் சொட்டாய் எண்ணியது.

இருபத்தெட்டு வயது ஹையேஸ்.
ஏதோ ஜப்பான் பாலர் பள்ளியின் பெயர்
இன்னும் கதவில் இருக்கிறது. அழிக்கவில்லை,
அசல் வண்டி என்பதற்கு அதுதான் சாட்சி.
ஏறுகிற கதவு நடுரோட்டில் திறக்கும்.
நான் எட்டிப் பார்த்து "போ" என்றால்தான்
அவன் முந்துவான்.

எங்கள் மெக்கானிக் மோன்காரர்.
பெரிய மனிதர் பெயருக்கு முன்னால்
அவர்கள் போடும் மரியாதைச் சொல்
நம் வாயில் வந்தால் நாய்.
ஆறு வருடமாய் 'சயா' என்றே அழைக்கிறேன்.
அவருக்குக் காரணம் தெரியாது.

மோல்மீனில் அந்தக் கடை திறக்கும்போதே போய்விட்டோம்.
பழைய டயர்களின்மேல் எஞ்சின்கள்,
ஒயர் தொங்க, குழாய் அறுந்து,
யாராலும் படிக்க முடியாத சீட்டு ஒட்டி.
சயா மூன்றைக் காட்டினார்.

பெட்ரோல் ஒன்று. சத்தமே கிடையாது,
குடிப்பதும் சத்தமில்லாமல் குடிக்கும்.
அடுத்தது த்ரீ எல். மேட்டில் மூச்சு வாங்காது.
ஆனால் வண்டிப் புத்தகத்தில் எழுத்து மாறும்,
எழுத்து மாறினால் ஒவ்வொரு சாவடியிலும்
டீக்காசு மாறும்.
கடைசியில் ஒரு டூ எல்,
செத்ததன் கூடப்பிறந்தது. அதே தலை. அதே தலைவலி.

காத்தமுத்து த்ரீ எல்லையே சுற்றிச் சுற்றி வந்தான்,
பெண் பார்க்க வந்தவன் மாதிரி.
பாட்டரி வயர் கவ்வியதும்
முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.
புகை இல்லை. கடைக்காரர்
பல்லெல்லாம் தெரிய நின்றார்.

அவர் முடுக்கும் முன்பே
நான் அதன்மேல் கை வைத்திருந்தேன்.
பதினெட்டு வருடம் ஐஸ் தூக்கிய கை.
வெதுவெதுப்பாய் இருந்தது.
காலை ஏழு மணி, கடை திறந்து பத்து நிமிடம்,
நாங்கள்தான் முதல் ஆள்.

டூ எல்லைத் தொட்டேன்.
ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்த
இரும்பின் குளிர்.
இருமியது. நின்றது.
இருமியது.
மூன்றாம் தடவை வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு
வெட்கமில்லாமல் ஓடத் தொடங்கியது.

"இது" என்றேன்.
காத்தமுத்து பார்த்த பார்வையை எழுதவில்லை.
சயா குனிந்து போல்ட்டுகளை எண்ணினார்,
தேவையில்லாமல், இரண்டு முறை.

சீட்டு எடுத்த பணம் அதோடு சரி.
"ரேடியேட்டரும் மாத்தணும்,
பழசையே போட்டா இதுக்கும் தயிர்தான்" என்றார் சயா.
அதற்கு அடுத்த மாதம் வரட்டும்,
அதுவரை ஐஸ் படகில் போகட்டும்.

மூணு சக்கர வண்டியில் கயிறு போட்டுக் கட்டி
பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.
ஒரு கையை அதன்மேல் வைத்தபடி.
இப்போது சூடு இருந்தது, ஓடி வந்த சூடு.
வண்டிக்காரன் இரண்டு ஆள் கூலி கேட்டான்.
ஒன்றரைக்குப் படிந்தது.