சில்லறை மாத்திரை

சினாந்தேகா பக்கம் கரும்புக்குத் தீ வைக்கும் மாதங்களில்
மூன்றே முக்காலுக்குக் கடை திறப்பேன்.
கம்பி வலைக்கு அப்பால் கைகள் மட்டும் தெரியும்,
ரேகைக்குள் கரி இறங்கிய கைகள்.
"டைக்ளோ ரெண்டு, நோஹெமி."
அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்குவேன்.
பெயரில் பாதி ஒருவனோடு போகும்,
காலாவதித் தேதி இன்னொருவனோடு.
பெட்டிக்குள் மடித்து வைத்த வெள்ளைத் தாள்
யாரோடும் போகாது.
அதன் ஓரங்களில் நான் கடன் எழுதுவேன்.

யாதேர் தினம் நாலு வாங்குவான்.
விடியுமுன் ஒன்று, வெறும் வயிற்றில், காப்பியோடு.
பத்து மணிக்கு இடுப்புக்கு.
மதியத்தில் டன் கணக்கு குறையாதிருக்க.
நாலாவது எதற்கென்று அவனுக்கே தெரியாது.
தண்ணீர்ப் பை?
சிரிப்பான். மாத்திரை ரெண்டு கோர்தோபா, பை அஞ்சு.
குடித்தால் ஒதுங்கணும்,
ஒதுங்கினால் ஒரு வரிசை போச்சு.

வலி ஒரு நாய், நோஹெமி,
குரைக்காமல் கிடந்தால் போதும் என்பான்.
குரைக்கத்தான் செய்யவில்லை.
சுவரேறி வந்தவன்
சாமானை எல்லாம் எடுத்துக்கொண்டு போகும்வரை.

இருபத்தேழு வயது.
கிரியாட்டினின் என்ற சொல்லை
எங்கள் தெருவே சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டது.

சுகாதார நிலையத்து நர்ஸ் உரானியா வந்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
ஒரு பை தண்ணீர் வாங்கி, நின்றபடியே பாதி குடித்தாள்.
"உடம்பு காயும்போது
சிறுநீரகம் தன் வாசலுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து
ரத்தம் வர வழி வைத்திருக்கும்.
இந்த மாத்திரை வீக்கத்தைத் தேடிப் போகிற போக்கில்
அந்தக் கல்லையும் எடுத்துவிடும்."
மாத்திரையால் மட்டுமா என்றேன்.
"இல்லை. வெயில், வேகம், தாகம்.
முழுக்கணக்கு யாரிடமும் இல்லை.
உன் கையில் இருப்பது மாத்திரை."

அன்றிரவு தாளை விரித்தேன்.
முட்டைக் கணக்கின் அடியில் வயிற்றுப்புண் இருந்தது.
ரத்த அழுத்த மாத்திரை தின்பவர்களுக்கான வரியை
சோப்புக் கடன் மறைத்திருந்தது.
நீர் வற்றிய உடம்புக்குக் கொடுக்காதே என்ற இடத்துக்கு நேராக
என் கையெழுத்து:
யாதேர், பன்னிரண்டு பாக்கி.

இப்போது கேட்கிறேன்.
சாப்பிட்டாயா? வேறு என்ன மாத்திரை போடுகிறாய்?
வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா?
வெட்டப் போகிறவனுக்குக் கிடையாது என்கிறேன்.
வரிசை முணுமுணுத்துக்கொண்டு
எதிர்க்கடை வெளிச்சத்துக்கு நகர்கிறது.
அங்கேயும் கத்தரிக்கோல் உண்டு.

மருந்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை.
செவ்வாய்க்கிழமை, கணுக்கால் சுளுக்கிய தையற்காரி வந்தாள்.
கொடுத்தேன்.
சோற்றுக்குப் பிறகு ஒன்று, ரெண்டே நாள்,
அதற்குமேல் வலித்தால் என்னிடம் வராதே, உரானியாவிடம் போ.
முழுத் தாளையும் கொடுத்தேன்.
முட்டை விலை பார்த்துச் சிரித்தாள்.

வாரம் மூன்று நாள் லியோனுக்கு பஸ் ஏறுகிறான் யாதேர்.
நேற்று திரும்பும்போது வலைக்குள் கை நீண்டது,
பழக்கத்தில், ரெண்டு கோர்தோபாவோடு.
கரி போய்விட்டது, ரேகை தெரிந்தது.
நான் தண்ணீர்ப் பையை வைத்தேன்.
"அதுவும் இப்போ அளவுதான்" என்றான்.
முனையைக் கடித்து
மூன்று மடக்கு எண்ணிக் குடித்துவிட்டு
மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

கொட்ட மனமில்லை.
முனையை முடிந்து ஆணியில் மாட்டியிருக்கிறேன்,
தராசுக்குப் பக்கத்தில்.