பாட்டிலில் கொஞ்சம் சதுப்பு

லுபிகியின் ஓரம், சூளைப் புகைக்கு நடுவே
அடியறுத்த பாட்டிலைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
உள்ளே பாப்பிரஸ் கோரையின் வேர், ஒரு பிடி சேறு.
மேலே ஊற்றினேன்
கம்பாலாவின் சாக்கடையில் ஒரு குவளை.

"பாருங்கள்" என்றேன்.
பார்த்தார்கள். ஒன்றும் சொட்டவில்லை.

சேறு அவசரப்படாது என்று
என் பயிற்சிக் கையேட்டில் இல்லை.
ஒருவர் பின் ஒருவராய் மண்வெட்டிக்குத் திரும்பினார்கள்.
கசும்பா மட்டும் குந்தியிருந்தான்,
முழங்காலில் காய்ந்த களிமண் வெடித்திருக்க.

"அறுக்காத கல்லுக்கு
யார் கூலி தருவார், நல்வோகா?"

என்னிடம் பதில் இல்லை.
கை வலித்தது.
கோரைக்குள் ஏதோ பறவை
தொண்டையைச் செருமிக்கொண்டது.

அப்புறம் விழுந்தது ஒரு துளி.
தெளிவு என்று சொல்லமாட்டேன்,
தேநீர் நிறம்தான்.
நாற்றம் மட்டும் குறைந்திருந்தது.
மோந்தான். மறுபடியும் மோந்தான்.
"இவ்வளவு நேரமா?"
"இவ்வளவு நேரம்தான்."

அடுத்த வாரம் போனபோது
குழி அகன்றுதான் இருந்தது.
ஆனால் ஓடைப் பக்கம்
ஓர் ஆள் அகலத்துக்குக்
கோரை வெட்டுப்படாமல் நின்றது.
அதன்மேல் அவன் சட்டை
காய்ந்துகொண்டிருந்தது.