இருபத்து மூன்று புள்ளி ஒன்று

கெமியில் நவம்பர் வந்துவிட்டால்
மூன்று மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
நான் தபால்காரி.
பதினேழு ஆண்டு, நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.
கையுறைக்குள் கையுறை போட்டும் விரல்கள் மெழுகாகும்.
முதலில் வெள்ளை, பிறகு நீலம்,
கடைசியில் திரும்பி வருகிற ரத்தம்
ஊசி ஊசியாய்க் குத்திக்கொண்டே வரும்.
ஒருமுறை பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கும்போது
பேனா நழுவியதே எனக்குத் தெரியவில்லை.
"உங்கள் பேனா" என்றாள் வீட்டுக்காரி,
என் முகத்தைப் பார்க்காமல்,
விரல்களைப் பார்த்து.

மாத்திரையில் தலை சுற்றியது.
வேன் ஓட்டுகிறவளுக்கு அது ஆகாது.
பிறகுதான் ஓவுலுவுக்கு அனுப்பினார்கள்,
சீட்டில் பயோஃபீட்பேக் என்று எழுதி.

பாசிப்பயறு அளவு உணரி ஒன்றை
சுட்டுவிரல் நுனியில் வைத்து
பிளாஸ்திரி ஒட்டினார் ஆதோஸ்.
திரையில் ஒரு கோடு. ஓர் எண்.
இருபத்து மூன்று புள்ளி ஒன்று.
"இது நீங்கள்."
என்னை யாரும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

"சூடாக்குங்கள்."
எதை வைத்து?
"வெறுமனே."

பல்லைக் கடித்தேன். இருபத்திரண்டு புள்ளி எட்டு.
கெஞ்சினேன். புள்ளி ஏழு.
கடற்கரையை நினைக்கச் சொன்னார்;
மணல் சுட்டு என் கால் அறியாது,
போகாத ஊரின் வெயிலுக்கு எப்படி வியர்ப்பேன்?
சவுனாவை நினைத்தேன்.
மேல்பலகையில் மர்த்தி உட்கார்ந்திருந்தான்,
விவாகரத்துக்கு முந்தைய வாரத்து மௌனத்தோடு.
கோடு தலைகுப்புற விழுந்தது.

இயந்திரத்துக்குத் தாட்சண்யம் கிடையாது.
முயன்றால் இறங்கும்.
முயலாதவள் போல் நடித்தால்
அதற்கும் இறங்கும்.

நான்காம் வாரம் ஆதோஸுக்குத் தும்மல் வந்தது.
ஒன்றல்ல, ஏழு.
மூக்குக் கண்ணாடி பறந்துபோய்க் காப்பியில் விழ,
கரண்டியால் அள்ளி
துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.
நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால்
இருபத்தாறு புள்ளி நான்கு.

இத்தனை நாளும் கதவைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.
அது இழுத்துத் திறக்கிற கதவு.

அதன்பின் மெல்ல மெல்ல.
மூச்சு நீளும், தோள் இறங்கும்,
மணிக்கட்டுக்குள் எங்கேயோ
பூனை இடம் மாறிப் படுப்பதுபோல் ஒரு கனம்.
நானாக ஒன்றும் செய்யவில்லை,
வழியை மறித்து நிற்காமல் இருந்தேன்.
டிசம்பர் முடிய முப்பத்திரண்டு.
ஆதோஸ் பிளாஸ்திரியை உரித்தார்.
"இனித் திரை இல்லாமல்."
பரீட்சையன்று காலையில்
புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஜனவரி. மைனஸ் இருபத்தேழு.
வரிசை வீடுகளில் பத்தாம் எண்.
பெட்டியின் மூடி உறைந்து வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.
விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கின.
அடிவயிற்றில் பயம் மணியடித்தது.
போன வருடத்து நான் என்றால்
உதறியிருப்பேன், ஊதியிருப்பேன், திட்டியிருப்பேன்.
வேனுக்குள் போய் உட்கார்ந்தேன்.
மடியில் யார் யாருடையதோ மின்கட்டண உறைகள்.
கண்ணுக்குள் காப்பியில் மிதக்கும் மூக்குக் கண்ணாடி.
ஒரு மூச்சு.
இன்னொன்று.
எண் இல்லை, கோடு இல்லை,
சரியாகச் செய்கிறேனா என்று சொல்ல ஆளில்லை.
நீலத்தைத் தாண்டிக் குதித்து
நேராகச் சிவப்பு வந்தது.

எல்லா விரலுக்கும் அல்ல.
இடது மோதிர விரல் மட்டும்
இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.
அதற்கு அதன் காரணம் இருக்கும்.

ஒன்பதோடு இறங்கிப் போய்
மூடியை ஒரு தட்டுத் தட்டினேன்.