மேடுபள்ளம்

நகராட்சி வரைபடத்தில்
டார்ப்லி சாலை வந்ததும்
எல்லைக்கோடு சட்டென்று மேற்கே ஒடிந்து
பீக்கன் தோப்பைச் சுற்றிக்கொண்டு
பதினொரு வீடுகளை வெளியே விட்டுவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் சாலைக்குத் திரும்பும்.
ஆறு இல்லை அங்கே, பாறை இல்லை.
அலபாமாவின் அதே செம்மண்தான் இருபுறமும்.

நான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள்.
நாற்பத்திரண்டாம் எண்ணோடு என் வேலை முடியும்.
நாற்பத்து நான்கில்
வெர்னெல் ஹார்க்ரோவ் கிணற்று மோட்டாரைத்
தட்டிக்கொண்டிருப்பார்.
"இன்னும் அந்தப் பக்கம்தானா?"
"அந்தப் பக்கம்தான்."
ஒன்பது வருடமாக எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு.

போன மார்ச்சில்
நகராட்சிக் கட்டிடத்திலேயே குழாய் வெடித்தது.
நிலவறைப் பேரேடுகளை
மாடிப்படிகளில் விரித்து உலர்த்தினோம்.
1958 ஜூன், கூட்டக் குறிப்பு.
பொருள்: எல்லை திருத்தம்.
காரணம்: நிலத்தின் மேடுபள்ளம்.
எதிர்ப்பு: இல்லை.
மதிய உணவு: கெளுத்தி மீன் வறுவல்.

அதே ஏப்ரலில்தான்
அந்தப் பதினொரு வீட்டிலிருந்து முப்பத்தாறு பேர்
வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க
வரிசையில் நின்றிருக்கிறார்கள்.
இருபத்தொன்பது பெயர் ஏறியிருந்தது.
ஒன்றைக்கூட யாரும் அடிக்கவில்லை.
ஊரைத்தான் நகர்த்திவிட்டார்கள்.

அடியில், குறிப்பெழுதியவர்:
லொரேட்டா க்ரிம்ஸ்.
ஊறுகாய் ஜாடிகளில் தேதி எழுதும்
அதே சாய்ந்த கையெழுத்து.
என் அம்மா. அப்போது இருபது வயது,
கல்யாணமாகவில்லை.

நகல் எடுத்தேன்.
மூன்று நாள் மீட்டர் பையில் கிடந்தது.
நான்காம் நாள் இருட்டியபின்
நாற்பத்து நான்கின் தபால் பெட்டியில்
திருடியைப்போல் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது தோப்பில் கிடங்கு வருகிறது,
எழுபது லாரி நிற்கும் அளவுக்கு.
கோட்டை நேராக்க வேண்டுமாம்.
சாக்கடைக் குழாயும் வருமாம்,
கிடங்கு வாசல் வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை கூட்டம்.
பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
வெர்னெல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்,
என் பக்கம் பார்க்கவில்லை.
தேதியை வாசித்தார், காரணத்தை வாசித்தார்,
கெளுத்தி மீனைக்கூட விடவில்லை.
"ஐயா, எங்கள் மேடுபள்ளம்
எந்த வருடம் சமமாயிற்று?"
யாரோ இருமினார்கள்.

அடியில் இருந்த பெயரை மட்டும்
அவர் வாசிக்கவில்லை.
காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
கடிகாரத்தில் இன்னும்
பதினெட்டு விநாடி இருந்தது.
அதை நின்றே கழித்தார்.