நான்கில் ஒன்று

ஜீப் என்னுடையது. டீசல் கம்பெனியுடையது.
முன் இருக்கையில் டாக்டர் மார்லூசியா,
மடியில் வலை, காலடியில் கண்ணாடிக் குப்பிகள்.
சோயா வயல் முடிந்து
புரிச்சிப் பனைகள் வரிசை கட்டினால்
கீழே தண்ணீர் என்று அர்த்தம்.
மாட்டோ க்ரோசோவில் வழி கேட்க ஆளில்லை,
பனையைத்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சதுப்பை வடித்துவிடலாமா கூடாதா
என்று ஒரு தாள் சொல்லப்போகிறது.
தாளை எழுத அவருக்குப் பதினோரு நாள்.
எனக்குப் பதினோரு நாள் கூலி.

முதல் நாள் அவர் காட்டியதும் சிரித்துவிட்டேன்.
புல் நுனியில் கருகிய காகிதத் துண்டு,
எங்கோ அடுப்பிலிருந்து பறந்து வந்து ஒட்டியதுபோல.
"இதற்கா இவ்வளவு தூரம்?
எங்கள் பக்கம் இதைக் குண்டிகழுவி என்போம், டாக்டர்.
தண்ணீரில் வாலை முக்கி முக்கி எடுக்குமே."
"பொறுங்கள், எவால்டோ."

மேகத்திலிருந்து வெயில் இறங்கியது.
காகிதம் திறந்தது.

எப்படிச் சொல்வது.
என் தம்பி வெல்டிங் வைக்கிறவன்.
சுடரின் நடுவே ஒரு நீலம் எரியும்,
பார்க்காதே பார்க்காதே என்று கத்துவான்.
அந்த நீலம் ஆறிப்போய்
ஒரு புல்லில் உட்கார்ந்து மூச்சு விட்டது.
பிறகு மூடிக்கொண்டது. மறுபடி கரி.

ஸெனித்தோப்டெரா. உச்சியில் இறகு என்று பொருளாம்.
மற்ற தட்டான்கள் பெரும்பாலும்
ஆணி அடித்ததுபோல் விரித்தபடியே இருக்க,
இது தலைக்கு மேல் கூப்பும், வண்ணத்துப்பூச்சி மாதிரி.
நான்கு இனங்கள். ஆறாம் நாளுக்குள் எனக்கு மனப்பாடம்:
வியோலா, ஊதாக்காரி.
ஃபாஸியாட்டா, பட்டை கட்டியவள்.
லானெய், எவரோ ஒருவரின் குடும்பப் பெயரைச் சுமப்பவன்.
ஆன்செப்ஸ்?
"இரண்டு பக்கமும் சாய்வது. சந்தேகம்."
சந்தேகத்துக்கும் லத்தீனில் இறகு வைத்திருக்கிறார்கள்.

பத்தாம் நாள் வலையில் ஒன்று விழுந்தது.
நான்கு இறகையும் சேர்த்து இரு விரலில் பிடித்தார்.
எது என்று சொல்ல, லென்சுக்குக் கீழே வைக்க வேண்டும்.
வைக்க, அது அசையக் கூடாது.
அசையாதிருக்க, அசிட்டோன்.
குப்பி திறந்ததும் எனக்கு வாசனை தெரிந்தது:
ஞாயிற்றுக்கிழமை ரோசில்டா நகச்சாயம் அழிக்கும் வாசனை.

"அந்த நீலம்?"
"மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு.
அதுவும் சேர்ந்ததுதான் நீலம். இதில் கரையும்."
"பிறகு?"
"பிறகு பெயர் கிடைக்கும்."

ஜீப்புக்குப் போய்
நன்றாயிருந்த டயரை நாலு முறை உதைத்துப் பார்த்தேன்.
திரும்பினால் குப்பி மூடியிருந்தது, காலியாக.
"நழுவிவிட்டது" என்றார், என் முகம் பாராமல்.
இருபது வருடம் தட்டான் பிடித்த விரல்.
"ஆமாம், காற்று" என்றேன்.
ஒரு புல்கூட ஆடவில்லை.

தாளில் ஸெனித்தோப்டெரா என்று எழுதி
இனம் வரவேண்டிய இடத்தில்
இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும் வைத்தார்.
அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.
மேசைக்காரன் வரிசையில் விரலை இறக்கினான்.
"இது?"
"ஒரு தட்டான். நான்கில் ஒன்று."
"எதென்று தெரியாததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?"
அடித்தான்.
நீல மை.

மே மாதம், வாய்க்கால் வெட்டும் எந்திரத்துக்கு
டீசல் ஏற்றி வரச் சொன்னார்கள்.
போனேன். ஜீப்புக்குத் தவணை இருக்கிறது.
பனை வரிசையின் கடைசியில், இன்னும் ஈரம் காயாத இடத்தில்,
புல் நுனியில் ஒரு கரித்துண்டு.
வண்டியை அணைத்தேன்.
மேலே பெரிய மேகம், அவசரமில்லாதது.

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.