31 டிசம்பர் 9999 வரை

சாண்டா இஃபிஜீனியா தெரு, மூன்றாம் மாடி, கடை 34.
என் மேசையில் ஈயம் உருகும் புகை,
எதிர்க்கடையில் பஸ்தேல் பொரியும் எண்ணெய்.
இரண்டும் கலந்த நாற்றம்தான்
சாவ் பாவ்லோவில் எங்களுக்கு மழைக்காலம்.

அன்று காலையிலேயே படிக்கட்டில் வரிசை.
பதின்மூன்று பேர், பதின்மூன்று பெட்டிகள்.
ஒரே ராத்திரியில் எல்லாவற்றுக்கும் தடை.
பதினான்காவதாக மரினால்வா.
"ஓடுது வால்டெசிர். ஆனா உள்ள விடமாட்டேங்குது."

அந்தப் பெட்டியின் வயிறு எனக்குத் தெரியும்.
மார்ச்சில் நான்தான் திறந்தேன்.
வட்டு ஓட்டியின் காதோரம்
ஒரு பொய்யை எழுதிவைத்தேன்:
உன்னிடம் வருவதெல்லாம் அசல்.
அது நம்பியது.
அசல் வட்டு ஒன்றுக்கு
அவள் ஆறு நாள் பேருந்தில்
சுழல்கதவருகே உட்கார்ந்து சில்லறை எண்ண வேண்டும்.
என் வட்டுக்கு, ஒரு மதியம் போதும்.
நூற்றைம்பது ரியால் வாங்கிக்கொண்டு சொன்னேன்,
"ஒண்ணும் ஆகாது."

திரையை அவளுக்குத் திருப்பினேன்.
விதிமீறல். இந்தப் பெட்டிக்கு அனுமதி இல்லை,
9999 டிசம்பர் 31 வரை.

எங்கள் சட்டத்தில் கொலைக்கே
முப்பது வருஷம்தான் உச்சம்.
அவள் மெல்லக் கேட்டாள்:
"ஜனவரி ஒண்ணாம் தேதி விட்டுருவாங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
ராத்திரி பத்து மணிக்கு அரையிறுதி.
பதினொரு பேர் ஆட்டம், ஆளுக்கு ஒரு வீடு, ஒரு ஊர்.
குயபாவில் ஒரு மாட்டு வைத்தியர்,
ஜாயின்வில்லில் ஒரு வெல்டர்,
எங்கென்று சொல்லாத இரண்டு போலீஸ்காரர்கள்.
அவள் கோல்கீப்பர்.
பெயர் 'பூட்டு'. மைக் வைத்ததே இல்லை.
யாரோ கூச்சப்படும் பையன் என்று
ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் தலைக்கு மேல் அலமாரியில்
என் சொந்தப் பெட்டி.
அதை நான் ஒருநாளும் திறந்ததில்லை.
பக்கத்தில் அசல் வட்டுகள், ரசீதோடு.
மரினால்வா அண்ணாந்து பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கழற்றிய திருகாணி ஒன்றை
விரலால் மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

தடை பெட்டிக்குத்தான், ஆளுக்கில்லை.
ஷட்டரை முக்கால்வாசி இறக்கினேன்.
என் பெட்டியில் அவள் பெயரால் நுழைந்தாள்.
சீருடையைக்கூட மாற்றவில்லை,
சட்டைப் பையில் பேருந்து நிறுவனத்தின் பேனா.

இடைவேளை வரை பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
மூன்று முறை பாய்ந்து தடுத்தாள்.
அறுபதாவது நிமிடம்
இடது பக்கம் வெட்டவெளியாகக் கிடந்தது.
"மூணாம் நம்பரு! எங்கடா போற?
உன் ஆளு பின்னால நிக்கிறான் பாரு!"

கழுத்தில் தொங்கிய ஹெட்செட் என்னுடையது.
மைக் திறந்திருந்ததை நான் சொல்லவில்லை.
மறந்துவிட்டேன். அப்படித்தான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

நாட்டின் பத்து ஊர்களில் பத்து பேர்
அப்படியே நின்றார்கள்.
பந்து மட்டும் நிற்கவில்லை.
வந்தது, உருண்டது, வலைக்குள் போனது.

"யாரது?" என்றது ஜாயின்வில்.
"பூட்டு," என்றாள்.
யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு நாய் குரைத்தது.
பிறகு அந்த மூன்றாம் நம்பர்,
தொண்டையைச் செருமிக்கொண்டு:
"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?
நான் எப்பவும் அந்தப் பக்கம்தான் விட்டுடறேன்."

ஒன்றுக்கு இரண்டு. தோற்றோம்.
தோற்றார்கள் என்று எழுத வேண்டும், தெரியும்.

நூற்றைம்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
கண்டக்டர் கை, பார்க்காமலே எண்ணியது.
ஒரு பத்து ரியால் தாளை உருவி
மேசையில் வைத்தாள்.
"வட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

கடைசி பேருந்துக்கு ஓடினாள், மழையில்,
பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு.
பெட்டி என்னிடமே இருக்கிறது.
அவ்வப்போது மின்சாரம் கொடுத்துப் பார்ப்பேன்.
உள்ளே விசிறி சுற்றுகிறது.
தேதி அப்படியே நிற்கிறது.