எட்டு ஓம்

வியாழன் பின்னேரம் ரொடெல்
பெட்டியை டாக்சியின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்தான்.
மூன்று மாடி. லிப்ட் வேலை செய்யாது.
ஐம்பது வாட் வால்வு அம்ப், உள்ளே இரண்டு ஸ்பீக்கர்,
ஒன்றுக்குப் பேச்சு நின்றுவிட்டது.
கூம்பை இரண்டு விரலால் அழுத்தினேன்:
மணல் உரசுகிற சத்தம்.
பிறகு அந்த வாசம்.
குதைபியாவில் ஓகஸ்ட் மாதம் ஏசி மோட்டர் செத்தால் வருமே, அதே வாசம்.
பகலில் எனக்கு அதுதான் சோறு.

செத்தது புதிது.
போன கிழமைதான் சூக்கில் வாங்கிப் பூட்டினானாம்.
நூறு வாட் என்றான். நூறு!
ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினேன்.
நூறுக்குக் கீழே முப்பது இருந்தது,
முப்பதுக்குப் பக்கத்தில் எட்டு ஓம்.
தப்பிய பழசோ பதினாறு.

மன்னாரில் எங்களுக்கு ஓம் என்றால் ஆமாம்.
யாரோ ஒரு ஜெர்மன்காரனின் பேர் அது, தெரியும்.
இருந்தாலும்
எதிர்ப்பை அளக்கிற அலகு
ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருப்பது
மீட்டரைத் தொடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு.

இரண்டையும் பக்கம்பக்கமாகப் பூட்டினாய், ரொடெல்,
கரண்ட் சரிபாதியாய்ப் பிரியாது.
பதினாறு ஒரு பங்கு எடுத்தால் எட்டு இரண்டு பங்கு எடுக்கும்.
எதிர்ப்புக் குறைந்தவன் தலையில்தான் கூட ஏறும்.
நீ ஒலியைப் பத்தில் வைத்து வாசிக்கிற ஆள்,
அப்போது ஐம்பதும் ஐம்பதாய் நிற்காது.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
என் போர்மனை அவனுக்குத் தெரியாது.
அவன் மேனேஜரை எனக்குத் தெரியாது.
ஆனாலும் இரண்டு பேரும்
ஒரே ஆளை நினைத்தது போலத் தலையாட்டினோம்.

கோயக்குட்டியின் கடையில் ஒரு சோடி கிடந்தது.
ஊருக்குப் போன கோவாக்காரர்களின் பாண்டில் கழற்றியது,
தலைக்கு அறுபது வாட், எட்டு ஓம்.
காந்தத்தைக் கையில் தூக்கிப் பார்த்தேன். கனம் பொய் சொல்லாது.
மீட்டர் வைத்தேன்: ஆறரை.
எட்டு என்றாயே, என்று ரொடெல் முகம் கறுத்தான்.
சும்மா இருக்கையில் ஆறரை, பாடும்போது எட்டு,
அதுவும் எந்தச் சுருதி என்பதைப் பொறுத்து.
நீ மட்டும் என்ன, என்றேன்,
காலையில் கட்டிலில் எடுத்த அளவும்
இரவு மேடையில் எடுத்த அளவும் ஒன்றா?
பதினெட்டு தினார் சொன்னவன் பதினாலுக்கு வந்தான்.

ஒன்றின் வாலில் மற்றதின் தலை.
தொடராய்க் கட்டினால் எட்டும் எட்டும் பதினாறு.
பின்பலகையில் சுவிட்ச் எட்டில் நின்றது,
பதினாறுக்குத் திருப்பினேன். டக்.
இவ்வளவுதான். இதற்குத்தான் ஒரு ஸ்பீக்கர் செத்தது.
கைகாட்டிச் சொன்னேன்:
ஸ்பீக்கர் இல்லாமல் இதை ஒருநாளும் போடாதே.
கேட்க ஆளில்லாமல் கத்தினால்
எரிவது இதன் ட்ரான்ஸ்போர்மர்.
அதற்கு இந்தத் தீவில் சாமான் கிடையாது.

எனக்குக் கிட்டார் தெரியாது.
வயரின் நுனியில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் என் வாசிப்பு.
உம்ம்ம்ம் என்றது, இரண்டு கூம்பும் ஒன்றாய்.
மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.

ஒன்பது மணிக்கு அவனுக்கு மேடை.
அந்த ஹோட்டலில் ஒரு பெப்சி மூன்று தினார்,
நான் போனதில்லை.
ஒன்றரைக்கு வாட்சப்பில் ஒரு குரல் வந்தது, பதினோரு செக்கன்:
கூட்டம், கண்ணாடிச் சத்தம், யாரோ ஒருத்தி சிரிக்கிறாள்,
அதற்குப் பின்னால் அந்தக் கிட்டார்.
போனின் ஸ்பீக்கர் ஒரு வாட்டும் தேறாது.
எத்தனை ஓம் என்று பார்த்ததில்லை.
காதோடு ஒட்டிவைத்து
இன்னொரு தரம் அழுத்தினேன்.